நர்சரியில் வாங்கிய உண்ணிச்செடி: வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

கேள்வி:
வணக்கம். வீடு கோவைக்கு மேற்கே, தடாகம் பக்கம். பட்டாம்பூச்சி வரும் என்று நர்சரியில் சொன்னதால் மஞ்சள் உண்ணிச்செடி (லண்டானா) நான்கை வேலியோரம் வைத்தோம். இப்போது இடுப்புயரம். ஆனால் பூ குறைந்துவிட்டது, இலையெல்லாம் வெளிறிப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. காட்டை மூடுகிற உண்ணியும் இதுவும் ஒன்றுதான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவரிடம் ஆடு வேறு இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கடுகை விடச் சிறிய கறுப்புப் புள்ளிகளும், கண்ணாடிபோல் வலைச் சிறகுள்ள சின்னப் பூச்சிகளும் இருந்தால் அது வலைப்பூச்சி. சாற்றை உறிஞ்சுவதால்தான் இலை வெளிறுகிறது, மொட்டும் கருகி உதிர்கிறது. 1 லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் சில சொட்டு; சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

பூச்சி இல்லையென்றால் வெயில் போதவில்லை, அல்லது சத்து அதிகம். தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். யூரியாவோ சாணமோ அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும். பூ புதுத் தளிரில்தான் வரும். அதனால் ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தண்டில் முள் இருக்கும்.

பதில் 2:
பூவை வரவழைப்பதற்கு முன் காயைப் பாருங்கள். வாடிய கொத்தில் பச்சை மணிகள் கட்டி, பிறகு கறுத்துப் பழுக்கிறதா? பழுத்தால் கொண்டைக்குருவி தின்று மலையடிவாரம் வரை விதையைக் கொண்டுபோகும். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மானுக்கும் யானைக்கும் வேண்டிய புல்லை மூடி நிற்பது இதே இனம்தான். காய்க்காத ரகமும் உண்டு. ஆனால் அதன் மகரந்தம் காட்டு உண்ணியோடு சேர வாய்ப்பு இருப்பதால், காட்டோரத்தில் அதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். நகரத்து மொட்டைமாடியில் 12 அங்குலத் தொட்டி என்றால் வேறு பேச்சு. அங்கும் வாடிய கொத்தை வாராவாரம் கிள்ளிவிட வேண்டும்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன், நான்கிலும் கறுப்புப் பழம் இருக்கிறது. அடியோடு வெட்டிவிட்டால் போதுமா?

பதில் 2:
போதாது. தரைமட்டத்தில் வெட்டினால் தூரிலிருந்து முன்னைவிட அதிகமாகத் துளிர்க்கும், கொளுத்தினாலும் அப்படியே. முதலில் பழக்கொத்துகளைப் பறித்துச் சாக்கில் போட்டுக் கட்டிவிடுங்கள். பிறகு மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில், தூரைச் சுற்றி மண்ணை விலக்குங்கள். தண்டு முடிந்து வேர் தொடங்குகிற தடித்த இடம் தெரியும். அதற்கும் 3, 4 செ.மீ. கீழே ஆணிவேரை வெட்டுங்கள். துளிர்க்கும் மொட்டெல்லாம் அந்தத் தடித்த பகுதியில்தான் இருக்கிறது. அதில் கொஞ்சம் மண்ணுக்குள் தங்கினாலும் செடி திரும்ப வரும். எடுத்த தூரைத் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்கும்படி வைத்துக் காயவிடுங்கள். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளைகள் கணுவில் வேர்விட்டிருக்கும், அவற்றையும் தோண்டி எடுங்கள். பச்சைத் தண்டை ஓடையோரம் கொட்டவே கூடாது. உதிர்ந்த விதை பல வருடம் முளைக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நாற்றுகளை நான்கு இலைப் பருவத்திலேயே பிடுங்குங்கள், கையோடு வந்துவிடும்.

பதில் 3:
வெட்டிய தழை ஆட்டுக்குக் கிடைக்கக் கூடாது. மேய்ச்சல் இருக்கும்போது ஆடு இதைத் தொடாது, பசியில் தின்றுவிடும். தின்றால் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும். வெயில் பட்ட மூக்கு, காது, கண்ணிமைத் தோல் வீங்கி உரியும். அந்த அறிகுறி தெரிந்தால் உடனே நிழலில் கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பச்சைக் காயைக் குழந்தைகளும் வாயில் வைக்கக் கூடாது.

பட்டாம்பூச்சிக்கு அந்த இடத்தில் வெட்சி வையுங்கள், 3 அடி இடைவெளி விட்டு. வளர்வது மெதுவாகத்தான், ஆனால் அழகி வகைப் பெரிய பட்டாம்பூச்சிகள் தேடி வரும். இடையில் கிலுகிலுப்பை விதையைத் தூவினால் வரியன் வகைப் பட்டாம்பூச்சிகள் அதன் காய்ந்த தண்டிலேயே கூட்டமாக உட்காரும். கிருஷ்ணகிரீடம் வைப்பதானால் தொட்டியில் மட்டும். தரையில் விட்டால் வேரிலிருந்து கன்று விட்டுப் பரவும்.