'ஐ வென்ட் ஹோம்': இதில் ஹோம் நவுன் இல்லையா? உதவுங்கள்

கேள்வி

வணக்கம். மகள் ஏழாம் வகுப்பு, ஆங்கில வழி. நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். அடிக்கோடிட்ட சொல் எந்த வகை என்று எழுதச் சொல்லி ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். 'ஐ வென்ட் ஹோம்' என்பதில் ஹோமுக்கு நவுன் என்று எழுதியிருக்கிறாள், அதை அடித்துவிட்டு அட்வெர்ப் என்று சிவப்பு மையில் திருத்தி வந்திருக்கிறது. ஆனால் அதே தாளில் 'திஸ் இஸ் மை ஹோம்' என்பதற்கு நவுன் என்று போட்டது சரியாம். வீடு என்றால் ஒரு இடம், இடத்தைக் குறித்தால் பெயர்ச்சொல் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே சொல் எப்படி இரண்டு வகையாகும்? இரண்டு நாளாக இதே யோசனை. அவளுக்குப் புரியும்படி யாராவது சொல்லுங்கள்.

பதில் 1

திருத்தியது சரிதான் அம்மா. நான் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவன், வருடா வருடம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது.

தமிழில் 'வீட்டுக்குப் போனேன்' என்கிறோம். 'கு' என்ற உருபு ஒட்டிக்கொண்டு நிற்பதால் வீடு பெயர்ச்சொல்லாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த 'கு' செய்யும் வேலையை 'டு' என்ற ப்ரெபோசிஷன் செய்யும், அதனால்தான் 'ஐ வென்ட் டு ஸ்கூல்'. ஆனால் 'வென்ட் ஹோம்' என்பதில் 'டு' இல்லை பாருங்கள். 'வீட்டுக்கு' என்ற முழுப் பொருளையும் ஹோம் தனியாகவே சுமக்கிறது. போனது எங்கே என்று வினைக்குச் சொல்வதால் அட்வெர்ப். நம் பிள்ளைகள் 'ஐ வென்ட் டு ஹோம்' என்று எழுதுவதும் இந்த ஒரு விஷயம் பிடிபடாததால்தான்.

மகளுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுங்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'தேர்' (அங்கே) போட்டுப் பார்க்கட்டும். 'ஐ வென்ட் தேர்', சரியாக வருகிறது. அடுத்து அதன் முன்னால் 'மை' போடட்டும். 'ஐ வென்ட் மை ஹோம்' வராது, 'ஐ வென்ட் டு மை ஹோம்' என்றுதான் எழுத வேண்டும், அப்போது அது நவுனாகிவிடும். 'அப்ராட்', 'அப்ஸ்டேர்ஸ்' இரண்டும் இதே மாதிரிதான், 'டு' கேட்காது.

சொல்லைத் தனியாகப் பார்த்து வகை சொல்லவே கூடாது. அந்த வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பதில் 2

இதோடு ஒரு சுலப வழியும் சொல்கிறேன் அக்கா. தமிழில் 'ஆன' என்று முடிந்தால் அட்ஜெக்டிவ், 'ஆக' என்று முடிந்தால் அட்வெர்ப். அழகான பாட்டு, அழகாகப் பாடினாள். டியூஷனில் இப்படித்தான் படித்தேன், எனக்கு நன்றாகவே உதவியது.

பதில் 1

தம்பி சொல்வது பாதி தூரம் வரும், அப்புறம் கவிழ்த்துவிடும். 'அவள் அழகாக இருக்கிறாள்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'ஆக' இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் 'ஷி இஸ் பியூட்டிஃபுல்', அட்ஜெக்டிவ். இந்த வழியை நம்பி 'ஷி இஸ் பியூட்டிஃபுல்லி' என்று எழுதின விடைத்தாள்கள் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். 'இருக்கிறது' என்று முடியும் வாக்கியம் வந்தால் இந்த வழியைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

கடைசியில் 'லி' வந்தாலே அட்வெர்ப் என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். 'ஃப்ரெண்ட்லி' அட்ஜெக்டிவ். 'ஃபாஸ்ட்' என்ற சொல்லோ 'லி' இல்லாமலே இரண்டு வேலையும் செய்யும்: 'எ ஃபாஸ்ட் டிரெயின்' என்றால் அட்ஜெக்டிவ், 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்' என்றால் அட்வெர்ப். 'ஹார்ட்லி' இன்னும் மோசம். 'ஹி ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறான், 'ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் அநேகமாக வேலையே செய்வதில்லை.

கேட்டவர்

ரொம்ப நன்றி சார். 'தேர்' சோதனையைச் சொன்னதும் அவளே நாலைந்து வாக்கியம் போட்டுப் பார்த்துவிட்டாள். இன்னொரு சந்தேகம். 'மை' என்பதை என் பழைய இலக்கண நூல் அட்ஜெக்டிவ் என்கிறது, அவள் புத்தகம் டிட்டர்மினர் என்கிறது. மொத்தம் எட்டு வகைதானே?

பதில் 3

எட்டு என்பது மரபாக வந்த கணக்கு. பழைய கிரேக்க இலக்கணத்திலும் எட்டுதான், ஆனால் அதில் ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தில் 'எ', 'த' போன்றவை) ஒரு தனி வகை, இன்டர்ஜெக்ஷன் ('ஓ!', 'ஐயோ!' போன்ற உணர்ச்சிச் சொல்) தனி வகை கிடையாது. லத்தீனில் ஆர்ட்டிகிளே இல்லாததால் அதை விட்டுவிட்டு இன்டர்ஜெக்ஷனைச் சேர்த்து எட்டாக்கினார்கள், ஆங்கிலத்துக்கு அந்த வழியில்தான் வந்தது. நம் தொல்காப்பியம் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பிரிக்கிறது. இப்போதைய ஆங்கில இலக்கணக்காரர்கள் 'எ', 'த', 'மை', 'திஸ்' எல்லாம் நவுனுக்கு முன்னால் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்து டிட்டர்மினர் என்று தனியாக வைக்கிறார்கள். 'எ மை புக்' என்று சேர்த்துச் சொல்ல முடியாது, ஆனால் 'மை ரெட் புக்' சொல்லலாம். 'ரெட்' அட்ஜெக்டிவ், 'மை' அதிலிருந்து வேறு என்பது இதில் தெரியும். தேர்வில் அவள் புத்தகத்தில் உள்ளபடி எழுதட்டும்.

கேட்டவர்

சரிங்க, டிட்டர்மினர் என்றே எழுதச் சொல்கிறேன். நாளைக்கு 'பிஃபோர்' பாடம். மூன்று வாக்கியத்தில் மூன்று வகையாக வருகிறதாம், இப்போதே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பதில் 1

பின்னால் என்ன வருகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். 'பிஃபோர் லஞ்ச்', பின்னால் நவுன், ஆகவே ப்ரெபோசிஷன். 'பிஃபோர் ஹி கேம்', பின்னால் ஒரு முழு வாக்கியமே வருகிறது, கஞ்சங்ஷன். 'ஐ ஹேவ் சீன் இட் பிஃபோர்', பின்னால் ஒன்றுமே இல்லை, அட்வெர்ப்.