எல்லாத் தானியங்களையும் நிறுத்தினால் தன்னெதிர்ப்பு நோய் தணியுமா?

பூவரசி:

வணக்கம். தைராய்டு சுரப்பியைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் எனக்கு மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் உறுப்பையே பகையாக நினைத்துத் தாக்குவதற்குக் கோதுமை, அரிசி, மக்காச்சோளம் என்ற வேறுபாடில்லாமல் எல்லாத் தானியங்களுமே காரணம் என்று கூறும் காணொளிகளைத் தொடர்ந்து பார்த்ததன் விளைவாக, ஐந்து வாரங்களுக்கு முன் கோதுமையை அடியோடு நிறுத்திவிட்டேன். வயிற்று உப்புசம் நன்றாகக் குறைந்திருக்கிறது. களைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்ததாக மற்றத் தானியங்களையும் விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தானியத்தில் உள்ள எந்தப் பொருள் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டுகிறது? அது எல்லோருடைய உடலிலும் நிகழ்கிறதா? அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

கதிரவன்:

சகோதரி, இதற்கு மேல் எதையும் நிறுத்துவதற்கு முன் கோதுமைப் புரதத்தால் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலைத் தாக்கும் சீலியாக் நோய்க்கான பரிசோதனையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். நாங்கள் செய்த பிழையை நீங்களும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது எடை ஏறவே இல்லை. இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் இரத்தசோகை தீரவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு நாங்களாகவே கோதுமையை நிறுத்தினோம். குழந்தை தேறினாள். ஆனால் ஓராண்டு கழித்து இரத்தப் பரிசோதனை செய்தபோது முடிவு இயல்பாகவே வந்தது. கோதுமை உடலுக்குள் போகாதபோது அதனால் உருவாகும் எதிர்ப்பொருள்களும் (ஆன்டிபாடி) குறைந்துபோகும் என்பதை மருத்துவர் அன்றுதான் எங்களுக்கு விளக்கினார். உண்மையை அறிய வேண்டுமானால் மீண்டும் கோதுமை கொடுக்க வேண்டும் என்றார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த ரொட்டித் துண்டை ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த காலை வேளைகளை என்னால் மறக்க முடியவில்லை. முதலிலேயே பரிசோதித்திருந்தால் அந்த வாரங்கள் அவளுக்குத் தேவைப்பட்டிருக்காது. பிறகு எதிர்ப்பொருள் பரிசோதனையும் குடல் திசுச் சோதனையும் சீலியாக் என்பதை உறுதி செய்தன.

நுண்ணோக்கி:

கதிரவன் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். நோயெதிர்ப்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கோதுமையில் உள்ள குளூட்டன், பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் உள்ள அதன் உறவுப் புரதங்கள் ஆகியவற்றில் புரோலின், குளூட்டமின் என்ற இரு அமினோ அமிலங்கள் மிகுந்திருக்கின்றன. நம் செரிமான நொதிகளுக்குப் புரோலின் நிறைந்த சங்கிலியை முழுமையாக வெட்டும் திறன் கிடையாது. ஆகவே, 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு உட்படப் பல நீண்ட துண்டுகள் செரிக்காமல் சிறுகுடலில் தங்குகின்றன. இது எல்லோர் குடலிலும் அன்றாடம் நடப்பதுதான். பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் நேர்வதில்லை.

சிலருக்கு மட்டும் கதை இங்கிருந்து வேறு திசையில் போகிறது. குடற்சுவரைக் கடந்து உள்ளே வரும் இத்துண்டுகளைத் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி சிறிது மாற்றியமைத்து, எதிர்மின்னூட்டம் உடையவையாக ஆக்குகிறது. எச்எல்ஏ டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற மரபுவகை உள்ளவர்களின் எதிர்ப்பணுக்களின் மேற்பரப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. மாற்றப்பட்ட துண்டு அதில் பூட்டில் சாவி பொருந்துவதுபோல் உட்கார்ந்துகொள்கிறது. அதைக் கண்டுகொள்ளும் டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் அழற்சிக்கான வேதிக் குறிகளைச் சுரக்கின்றன. சத்துக்களை உறிஞ்சுவதற்காக விரல்கள்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் நாளடைவில் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. துண்டை மாற்றியமைத்த அந்த நொதிக்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருள் உருவாக்குகிறது என்பது 1997இல் தெரியவந்தது. இன்றைய இரத்தப் பரிசோதனை அந்த எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது.

ஆனால் இந்த மரபுவகை மக்களில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. சீலியாக் நோயோ ஏறக்குறைய 1 விழுக்காட்டினருக்குத்தான் வருகிறது. மரபணு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய் உள்ளவர்களிடம் அந்த விகிதம் பொதுமக்களைவிட அதிகம் என்பதால்தான் உங்களைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்கிறோம். அதற்காக, உங்கள் தைராய்டு நோயைக் கோதுமைதான் உண்டாக்கியது என்று முடிவு கட்டிவிட முடியாது. இரண்டு நோய்களுக்கும் பொதுவான மரபணுக் காரணிகள் இருக்கின்றன.

கோதுமை ஒவ்வாமை இதிலிருந்து முற்றிலும் வேறானது. அதில் வேலை செய்வது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள். நிமிடங்களில் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் ஏற்படலாம். மாவுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் ரொட்டித் தொழிலாளர்களுக்கு வரும் ஆஸ்துமாவும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே. கோதுமை உண்டபின் கடுமையான உடற்பயிற்சி செய்தால் மட்டும் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்படுபவர்களும் உண்டு. சில கைக்குழந்தைகளுக்கு அரிசி கொடுத்த சில மணி நேரத்தில் தொடர் வாந்தி வருவதுண்டு. அதற்கும் எதிர்ப்பு மண்டலமே காரணம் என்றாலும் ஐஜிஇ அதில் பங்கு வகிப்பதில்லை. ஒவ்வொரு நோயிலும் தூண்டும் புரதமும் தூண்டப்படும் அணுக்களும் வேறுபட்டிருக்க, ‘தானியம்’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடுவது உங்களைப் போன்றவர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது என்பதுதான் என் வருத்தம்.

மருதம்:

உணவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். உப்புசம் குறைந்ததை மட்டும் வைத்துக் குளூட்டன்தான் குற்றவாளி என்று எண்ணிவிடாதீர்கள். கோதுமையில் பிரக்டன் என்ற கார்போஹைட்ரேட் வகையும் இருக்கிறது. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதிக்கப்பட்டு வாயுவை உண்டாக்குகிறது. சீலியாக் இல்லாமல் தாமாகவே குளூட்டனைத் தவிர்த்துவந்த 59 பேரிடம் நார்வேயில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், குளூட்டன் கலந்த தின்பண்டத்தைவிடப் பிரக்டன் கலந்ததுதான் அதிகத் தொல்லை கொடுத்தது. உங்கள் உப்புசத்துக்கும் எதிர்ப்பு மண்டலத்துக்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம்.

எல்லாத் தானியங்களையும் விடுவதில் எனக்குள்ள அச்சம் நார்ச்சத்தைப் பற்றியது. முழுத் தானியத்தின் தவிட்டிலிருந்து பெருங்குடல் நுண்ணுயிர்கள் பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலத்தைத் தயாரிக்கின்றன. குடற்சுவர் அணுக்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள். எதிர்ப்பு மண்டலத்தை அளவு மீறாமல் அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் பெருகவும் அது உதவுகிறது என்று 2013இல் வெளிவந்த எலி ஆய்வுகள் காட்டின. மனிதர்களிடம் விளைவு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2009இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நலமாக இருந்த பத்துப் பேர் ஒரு மாதம் குளூட்டனைத் தவிர்த்தபோது, பிபிடோபாக்டீரியம் போன்ற நன்மை தரும் நுண்ணுயிர்கள் அவர்கள் குடலில் குறைந்தன. அரிசி, மக்காச்சோளம், சோளம், சிறுதானியங்கள் ஆகியவற்றில் சீலியாக் நோயைத் தூண்டும் குளூட்டன் இல்லை. அவற்றை நீங்கள் விட வேண்டிய காரணம் எதையும் நான் காணவில்லை.

பூவரசி:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய மூவருக்கும் நன்றி. மற்றத் தானியங்களை நிறுத்தும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். ஒரே ஒரு ஐயம் இருக்கிறது. ஐந்து வாரமாகக் கோதுமையே உண்ணாத நிலையில், பரிசோதனைக்காக அந்தக் குழந்தையைப்போல் நானும் மீண்டும் உண்டே தீர வேண்டுமா? உப்புசம் திரும்ப வந்துவிடுமே என்று தயக்கமாக இருக்கிறது.

நுண்ணோக்கி:

உங்கள் தயக்கம் நியாயமானதே. முதலில் எச்எல்ஏ மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதன் முடிவு நீங்கள் என்ன உண்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறாது. டிகியூ2, டிகியூ8 இரண்டும் இல்லையென்றால் சீலியாக் நோய் ஏறக்குறைய இல்லை என்றே கொள்ளலாம். மீண்டும் கோதுமை உண்டு பார்க்க வேண்டிய துன்பம் உங்களுக்கு மிச்சமாகும். இருந்தால் அதுவே நோய் என்று ஆகிவிடாது. அப்போதுதான் மருத்துவர் சொல்லும் காலம்வரை, வழக்கமாகச் சில வாரங்கள், நாள்தோறும் கோதுமை உண்டபின் இரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். வழக்கமான பரிசோதனை தேடுவது ஐஜிஏ வகை எதிர்ப்பொருளை என்பதால், அப்போது மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறவியிலேயே ஐஜிஏ குறைவாக உள்ளவர்களுக்கு, நோய் இருந்தும் வழக்கமான பரிசோதனை இல்லையென்று காட்டிவிடும்.

கதிரவன்:

சகோதரி, ஒருவேளை சீலியாக் என்று உறுதியானால் இங்கே எழுதுங்கள். ரொட்டி வாட்டத் தனிக் கருவி, தனி மரக்கரண்டி என்று தொடங்கி, பொட்டலத்தில் ‘மால்ட்’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பார்லியிலிருந்து வந்தது என்பதுவரை நாங்கள் கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் சொல்கிறேன். மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. சென்ற மாதம் எடுத்த பரிசோதனையில் அவள் எதிர்ப்பொருள் அளவு இயல்பு நிலையில் இருந்தது.