வீட்டு சர்வரில் ஐபிவி6-ஐ அணைத்துவிட்டால்தான் என்ன?

நள்ளிரவு பிங்:
பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது, வீட்டுப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான். ரவுட்டருக்கு வரும் ஐபிவி4 (பழைய இணைய முகவரி முறை) முகவரி 100.64 வகை, அதாவது இணைய நிறுவனத்தின் உள் முகவரி, வெளியிலிருந்து தொட முடியாது. புதிய முறையான ஐபிவி6 வழியாகத்தான் ஆபீஸிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று ஒயர்கார்டு என்ற விபிஎன் போட உட்கார்ந்து, கையேட்டில் சொன்னபடி ஐபிவி6 ஃபார்வர்டிங்கை (மற்றவர் பாக்கெட்டைக் கடத்தி விடும் வேலை) 1 ஆக்கினேன். அந்த நொடியே எல்லாம் போச்சு. முகவரி இருக்கிறது, ரூட் டேபிளில் வெளியே போக வழி காட்டும் டிஃபால்ட் வரியை மட்டும் காணோம். ‘ஐபிவி6-ஐயே அணைச்சுட்டுத் தூங்கு’ என்கிறான் நண்பன். செய்யலாமா?

சோம்பேறி அட்மின்:
தாராளமாக. சின்னதாக ஒரு விபிஎஸ் (வெளியில் இருக்கும் மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்து ஐபிவி4-லேயே டனல் போடுங்கள். இரண்டு நெறிமுறை என்றால் இரண்டு மடங்கு வேலை. ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் பூட்டியது ஐபிவி4 கதவை மட்டும்தான், ஐபி6டேபிள்ஸ் தனி. அது தெரியாமல் டேட்டாபேஸை ஊருக்கே திறந்து வைத்திருந்தவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆடும் ஆமை:
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனை இது. நடந்தது இவ்வளவுதான்: ஃபார்வர்டிங் போட்டதும் லினக்ஸ் தன்னை ரவுட்டர் என்று நினைத்துக்கொள்கிறது. ரவுட்டர் இன்னொரு ரவுட்டரின் அறிவிப்பைக் கேட்காது, அதனால் அறிவிப்பில் வந்த டிஃபால்ட் வழியையும் தூக்கி எறிந்துவிடும். அக்செப்ட் ஆர்ஏ (ரவுட்டர் அறிவிப்பை ஏற்பது) என்ற மதிப்பை 1-லிருந்து 2 ஆக்குங்கள். ‘நான் ரவுட்டர்தான், ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்’ என்று அதற்கு அர்த்தம். ஃபயர்வாலுக்குப் புதிய கருவியான என்எஃப்டேபிள்ஸில் ஐநெட் டேபிள் போட்டால் ஒரே விதி இரண்டுக்கும் செல்லும். இரண்டு மடங்கு வேலை என்பதெல்லாம் பழைய கதை.

சோம்பேறி அட்மின்:
சரி, கரண்ட் போய் வந்தால்? ரவுட்டர் மறுபடி ஏறும்போது முகவரியின் முன்பாதியான ப்ரீஃபிக்ஸே மாறிவிடும். பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் ஒரு பக்கம், ஃபயர்வால் விதி ஒரு பக்கம் செத்துக் கிடக்கும். நான் பாதுகாப்புக்கு ஐசிஎம்பி (பிங், பிழைச் செய்திகள் போகும் நெறிமுறை) முழுவதையும் வேறு அடைத்து வைப்பவன். இருபது வருடப் பழக்கம்.

ஆடும் ஆமை:
அண்ணா, அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஐபிவி4-இல் பக்கத்து மெஷினைத் தேடித் தரும் ஏஆர்பி ஐபிவி6-இல் கிடையாது. பக்கத்து மெஷினைக் கண்டுபிடிப்பதே ஐசிஎம்பிவி6 வழியாகத்தான், வகை 135, 136. வகை 2-ஐ அடைத்தால் இன்னும் வேடிக்கை. நடுவழி ரவுட்டர்கள் பாக்கெட்டை உடைக்காது, ‘பெரிதாக இருக்கிறது’ என்று திருப்பிச் சொல்ல மட்டும் செய்யும். பிபிபிஓஇ (வீட்டு பிராட்பேண்டில் ஒரு வகை) இணைப்பில் ஒரு பாக்கெட்டில் 1492 பைட்தான் போகும். அந்தப் பதிலும் வராவிட்டால் எஸ்எஸ்ஹெச் லாகின் ஆகும், பெரிய பக்கத்தைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கும்.

ப்ரீஃபிக்ஸ் தொல்லை உண்மைதான், மறுக்கவில்லை. ஐபி டோக்கன் கட்டளையால் முகவரியின் பின்பாதி 64 பிட்டை நிலையாக வைத்து, ஃபயர்வாலில் அந்தப் பாதியை மட்டும் ஒப்பிடலாம். வீட்டுக்குள் புழங்க எஃப்டி என்று தொடங்கும் உள்ளூர் முகவரி போதும். டிஎன்எஸ்ஸை ஒரு ஸ்கிரிப்ட் புதுப்பிக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

பிஎஸ்டி தாத்தா:
இடையில் ஒரு வார்த்தை. லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியிலும் இதே சங்கதிதான், சுவிட்சின் பெயர்தான் வாயில் நுழையாது: ஆர்எஃப்சி6204டபிள்யூ3. அப்புறம், ஆமை தம்பியின் பெயர்க் காரணம் எனக்குத் தெரியும். ஜப்பானின் காமே (ஜப்பானிய மொழியில் ஆமை) திட்டம், 1998 முதல் 2006 வரை. பிஎஸ்டிகளுக்கு ஐபிவி6 எழுதித் தந்தவர்கள். அவர்கள் தளத்துக்கு ஐபிவி6-இல் போனால்தான் ஆமை ஆடும்.

நள்ளிரவு பிங்:
எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவான ‘ஆல்’ என்பதன் கீழ் அந்த மதிப்பை 2 என்று போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. நெட்வொர்க் கார்டின் பெயரைச் சொல்லிப் போட்டதும் கொஞ்ச நேரத்தில் டிஃபால்ட் வரி வந்து உட்கார்ந்தது. ரீபூட்டுக்கும் நிற்க இன்டர்ஃபேசஸ் ஃபைலில் ஐநெட்6 ஆட்டோவுக்குக் கீழே அதே வரியைச் சேர்த்தேன். பிங் போகிறது!

ஆடும் ஆமை:
இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜர் நிரல் இல்லாததால் தப்பித்தீர்கள். அது இருந்தால் அறிவிப்பைக் கெர்னலிடம் விடாமல் தானே வாங்கிக்கொள்ளும், இந்த மதிப்பை மாற்றிப் பயனில்லை.

சோம்பேறி அட்மின்:
சந்தோஷம். கரண்ட் போய் வந்த மறுநாள் இதே இடத்தில் எழுதுங்கள், படிக்கிறேன்.