56 பைட் பிங்குக்கு விழும் கெர்னல், 58 பைட்டுக்கு விழாதது ஏன்?

பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

வணக்கம். பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளிலிருந்து தரவு திரட்டும் சிறு பெட்டி ஒன்றின் நெட்வொர்க் டிரைவரை நான் பராமரித்து வருகிறேன். அதிலிருப்பது 64 பிட் ஆர்ம் செயலி. ஈதர்நெட் சிப், வரும் பேக்கெட்டுகளைத் தன் உள் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். டிரைவர் ஐஓரீமேப் (சாதனத்தின் நினைவகத்தைக் கெர்னலின் முகவரிகளில் பொருத்தும் செயற்கூறு) வழியாக அதற்கு முகவரி பெற்று, பிழை காணும் கடைசி 4 பைட் செக்சம் உட்பட முழுவதையும் மெம்கப்பியால் (நினைவகத்தை நகலெடுக்கும் செயற்கூறு) எடுத்துவிட்டு, பிறகு அந்த 4 பைட்டை நறுக்கிவிடும். லினக்ஸ் 5.10-இல் இரண்டு ஆண்டுகள் ஒரு குறையுமின்றி ஓடிய இந்த டிரைவர், 6.1-க்கு மாறியதும் முதல் டிசிபி இணைப்பிலேயே கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக்கருவை, சாய்த்துவிடுகிறது. எக்ஸ்86 கணினியில் இதே சிப் ஒழுங்காக வேலை செய்கிறது.

மடிக்கணினியை நேரடிக் கேபிளில் இணைத்துப் பெட்டியிலிருந்து பிங் அனுப்பினேன். 58 பைட் பிங் விடிய விடிய ஓடியது. வழக்கமான 56 பைட்டுக்கு முதல் பதில் வந்தவுடனேயே விழுந்தது. பேஜிங் கோரிக்கையைக் கையாள இயலவில்லை என்று ஊப்ஸ் (கெர்னல் விழும்போது காட்டும் பிழைச் செய்தி) தொடங்குவதால், எங்கோ பாயின்டர் கெட்டிருக்கிறது என்று எண்ணி ஒரு வாரம் தேடினேன். பழுதின் காரணத்தைச் சொல்லும் ஈஎஸ்ஆர் ரெஜிஸ்டரின் மதிப்பு ஹெக்ஸில் 96000021. பேக்கெட் வைக்கப்படும் இடத்தின் முகவரி 000 என்று முடிகிறது. பழுது காட்டிய முகவரி 046 என்று முடிகிறது. ஆனி பிறந்தால் காற்றுப் பருவம். அதற்குள் பெட்டிகளை ஏற்றியாக வேண்டும்.

குற்றாலச்சாரல் (தென்காசி)

ஈதர்நெட் தலைப்பு 14 பைட் என்பதால், அதை அடுத்து வரும் ஐபி தலைப்பு 4-ஆல் வகுபடாத இடத்தில் விழும். பெறும் பஃபரின் முன்னால் 2 பைட் ஒதுக்கிப் பாருங்கள். நெட்_ஐபி_அலைன் என்ற மாறிலி இருப்பதே அதற்காகத்தான்.

வள்ளியூரான் (வள்ளியூர்)

தென்காசி அண்ணாச்சி சொல்வது பழைய ஆர்ம், மிப்ஸ் செயலிகளில் பலரைக் காப்பாற்றிய அறிவுரை. ஆனால் 64 பிட் ஆர்மில் சாதாரண நினைவகத்தை ஒழுங்குபடாத (படிக்கும் அளவால் வகுபடாத) முகவரியில் படித்தாலும் செயலியே சமாளித்துக்கொள்ளும்; அந்த மாறிலியின் மதிப்பும் அங்கே 0 தான். இங்கே சிக்கல் நாம் எழுதும் இடத்தில் இல்லை, படிக்கும் இடத்தில் இருக்கிறது.

ஈஎஸ்ஆரின் கடைசி ஆறு பிட்டுகளைப் பாருங்கள்: ஹெக்ஸில் 21, அதாவது அலைன்மென்ட் பழுது (முகவரி ஒழுங்குபடாததால் வருவது). அதற்கடுத்த பிட் 0 என்பதால், நடந்தது எழுதுதல் அன்று, படித்தல். ஐஓரீமேப் தரும் பகுதி சாதன நினைவகம். அதை ஒழுங்குபடாத முகவரியில் தொட்டால் செயலி எந்தச் சலுகையும் தராது.

இனி அந்த 046. 56 பைட் பிங்குடன் ஐசிஎம்பி 8, ஐபி 20, ஈதர்நெட் 14, செக்சம் 4 சேர்ந்தால் 102. ஆர்ம்64-க்கான மெம்கப்பி 2021-இல் மாற்றி எழுதப்பட்டது. 32 பைட்டுக்கு மேல் 128 பைட் வரையுள்ள அளவுகளுக்கு, அது முதல் 32 பைட்டை முன்னாலிருந்தும் கடைசி 32 பைட்டை வால் முனையிலிருந்து பின்னோக்கி எண்ணியும் எடுக்கும். 102-இல் 32 போனால் 70. ஹெக்ஸில் அதுதான் 46. அங்கே 8 பைட் அளவுகளாகப் படிப்பதால் முகவரி 8-ஆல் வகுபட வேண்டும்; 70 வகுபடாது. 58 பைட் பிங்குக்கு மொத்தம் 104. 32 போக 72, அது வகுபடும். பழைய மெம்கப்பி வாலை 8, 4, 2, 1 என்று வரிசையாகக் குறைத்துப் படித்ததால், 5.10-இல் இந்தப் பிழை இரண்டு ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

மெம்கப்பியை எடுத்துவிட்டு, சாதன நினைவகத்திலிருந்து படிப்பதற்கென்றே உள்ள மெம்கப்பி_ஃப்ரம்ஐஓ போடுங்கள். ஐஓரீமேப்பை, அந்தப் பகுதியைச் சாதாரண நினைவகம்போல் நடத்தும் ஐஓரீமேப்_டபிள்யூசி என்று மாற்றினாலும் விழுவது நிற்கும். ஆனால் சிப்பின் ரெஜிஸ்டர்களும் அதே பகுதியில் இருந்தால் அவற்றில் எழுதும் வரிசை குலைந்து இதைவிடக் கொடிய பிழை வரும் என்பதால், அந்தக் குறுக்குவழியை நான் ஏற்கமாட்டேன். மெம்கப்பியை அழைக்கும் வரியில் பாயின்டரை வலிந்து வேறு வகைக்கு மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பொருநைக்கரை

அண்ணாச்சி, மிக்க நன்றி. அந்த ஒரு வரியை மாற்றியபின், 56 முதல் 1472 வரை ஒவ்வோர் அளவாகப் பிங் அனுப்பிப் பார்த்தேன், ஒன்றுகூட விழவில்லை. டிசிபி இணைப்பும் நிற்கிறது. நீங்கள் சொன்னபடியே அந்த வரியில், சாதன நினைவகம் என்று காட்டும் ஐஓமெம் குறியைக் கழற்றிவிட்டு, __ஃபோர்ஸ் என்ற குறியும் சேர்த்து வாய்டு பாயின்டராக மாற்றியிருக்கிறார்கள். அந்த __ஃபோர்ஸால்தான், இத்தகைய தவறுகளைக் கண்டுபிடிக்கும் ஸ்பார்ஸ் கருவி எச்சரிக்கை எதுவும் தரவில்லை. அனுப்பும் பக்கத்தில் எழுதியவர் மெம்கப்பி_டூஐஓ-வைத்தான் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறார். நாளை இரண்டு பெட்டிகளைப் பணகுடிக்கு எடுத்துச் செல்கிறேன்.