ஜாவா ஜன்னலில் வரைந்த டைல்ஸ் டிசைன் மினிமைஸ் செய்தால் காணாமல் போகிறது

பள்ளத்தூர் பையன்:
வணக்கம் அண்ணே. எங்க மாமா ஆத்தங்குடில டைல்ஸ் பட்டறை வச்சிருக்காரு. கண்ணாடி மேல அச்சு வச்சு, கலர் ஊத்தி, தண்ணில போட்டு, காயவச்சுன்னு ஒரு மாதிரிக் கல் காட்டவே நாளாயிடுது. அதான் ஜாவால ஒரு ஜன்னல் திறந்து தரையை வரைஞ்சு காட்டிடலாம்னு இறங்கினேன். வரிசைக்கு 8 கல், 8 வரிசை, கல்லுக்கு 80 பிக்சல்.

ஜேஃபிரேமுக்கு, அதாவது ஜன்னலுக்கு, அளவு வைக்கிற செட்சைஸ் 640, 640. உள்ள வரையுற பலகையா ஒரு ஜேபேனல். ஜன்னலைக் காட்டுற செட்விசிபிள் போட்டதும் பேனல்கிட்ட வரையுற தூரிகை மாதிரி கெட்கிராபிக்ஸ் வாங்கி, ஃபில்ஆர்க்ல கால் வட்டமா வரையுறேன். சில தடவை வருது, சில தடவை வெறுமனே நிக்குது. வந்தாலும் மினிமைஸ் பண்ணித் திறந்தா மொத்தமும் காணோம். போதாததுக்கு, கடைசி வரிசைக் கல் அடிப்பக்கம் அறுந்து தெரியுது. "உடைஞ்ச கல்லை யாருடா வாங்குவா"ங்கிறாரு மாமா.

பழைய ஜாவாக்காரன்:
தம்பி, நீங்க வரைஞ்சதை ஸ்விங் (ஜேஃபிரேம், ஜேபேனல் எல்லாம் இருக்கிற ஜாவா லைப்ரரி) ஞாபகம் வச்சுக்காது. ஜன்னலை மறுபடி காட்டணும்னா, பேனலை வரையுற மெத்தடான பெயின்ட்காம்பொனென்டைக் கூப்பிட்டுப் புதுசா வரையச் சொல்லும். அதுக்கு வெளியே வரைஞ்சது அதோட கணக்கிலேயே இல்லை. மாமா பாஷைல சொன்னா, கல்லைக் கொடுக்காதீங்க, அச்சைக் கொடுங்க. வேணுங்கிறப்ப அதுவே ஊத்திக்கும்.

ஜேபேனலை எக்ஸ்டெண்ட் பண்ணி (அதை வச்சு உங்க சொந்த கிளாஸ் எழுதி), பெயின்ட்காம்பொனென்டை ஓவர்ரைடு பண்ணுங்க, அதாவது அதே பேர்ல உங்க மெத்தடை எழுதுங்க. முதல் வரி சூப்பர் டாட் பெயின்ட்காம்பொனென்ட். அதை விட்டா முன்னாடி வரைஞ்ச படம் கீழே அழியாம கிடக்கும். அப்புறம் உங்க லூப்.

தேவகோட்டை ரஸ்தா:
அறுந்த வரிசைக்குக் காரணம் வேற. ஃபிரேமோட 640ல தலைப்புப் பட்டையும் ஓரமும் சேர்த்தி. அளவைப் பேனலுக்குக் கொடுத்துட்டு ஃபிரேமுக்கு பேக் போடுங்க, உள்ளே இருக்கிறதுக்கு ஏத்த அளவா ஜன்னல் அமையும்.

பள்ளத்தூர் பையன்:
படம் இப்ப அழியலை, ரொம்ப நன்றிண்ணே! ஆனா பேனலுக்கு செட்சைஸ் 640 கொடுத்து பேக் போட்டா ஜன்னல் சுருங்கி வெறும் தலைப்புப் பட்டைதான் நிக்குது.

தேவகோட்டை ரஸ்தா:
நான்தான் தெளிவாச் சொல்லலை. பேக் செட்சைஸைப் பார்க்காது, பேனல் தனக்கு வேணும்னு சொல்ற அளவை, கெட்பிரிஃபர்டுசைஸைத்தான் கேட்கும். உள்ள ஒண்ணுமில்லாத ஜேபேனல் 10க்கு 10ன்னு சொல்லும். அதை ஓவர்ரைடு பண்ணி 640, 640 டைமென்ஷனைத் திருப்பிக் கொடுங்க. பேனலை ஃபிரேம்ல சேர்க்கிற ஆட், அப்புறம் பேக், கடைசியா செட்விசிபிள். வரிசை மாறக் கூடாது.

புதுவயல் வாசி:
ஏன் இவ்வளவு பாடு? ஸ்விங்குக்கு முந்தின ஜாவா லைப்ரரி ஏடபிள்யூடியோட கேன்வாஸ் போட்டாப் போச்சே.

பழைய ஜாவாக்காரன்:
போடலாம், ஆனா அங்கயும் பெயின்ட்டுக்குள்ளதான் வரையணும். ஜேபேனல் மறைவுல முழுசா வரைஞ்சுதான் திரைக்குக் கொண்டு வரும். கேன்வாஸ்ல அதை நாமளே பார்த்துக்கணும், இல்லேன்னா கலர் மாத்துறப்ப மினுக்கும். ஸ்விங் ஜன்னலுக்கு ஜேபேனலே போதும்.

கலர் மாத்த பட்டன் வச்சா, கலர் வேரியபிளை மாத்திட்டு, மறுபடி வரையச் சொல்ற ரீபெயின்ட் மட்டும் கூப்பிடுங்க தம்பி. பெயின்ட்காம்பொனென்டை நீங்களா கூப்பிடாதீங்க.

பள்ளத்தூர் பையன்:
64 கல்லும் முழுசா வந்துடுச்சுண்ணே. பச்சையைச் சிவப்பா மாத்தியும் காட்டிட்டேன். மாமா இப்ப சுத்திப் பார்டர் கல் எங்கடான்னு கேட்கிறாரு.