சூப்பர்சார்ஜர் போட்ட மியாட்டாவுக்கு எந்த மேப் சென்சார்? 2 பாரா, 2.5 பாரா, 4 பாரா?

மியாட்டா94

வணக்கம். வண்டி 1994 மாடல் மஸ்தா மியாட்டா, 1.8 லிட்டர் இன்ஜின், ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பிளோயர்), அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் கிடையாது. இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மெகாஸ்குவர்ட் 2. கம்பெனி ஏர்ஃப்ளோ மீட்டரை எப்போதோ கழற்றிவிட்டேன், அதனால் மேப் சென்சார் அளக்கும் மேனிபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தத்தையும் காற்றின் சூட்டையும் வைத்துத்தான் இசியூ பெட்ரோல் கணக்குப் போடுகிறது. இப்போது 8 பிஎஸ்ஐ பூஸ்ட் வருகிறது. குளிர் முடியும்வரை வண்டி ஷெட்டில்தான் நிற்கும், ஏப்ரலில் வெளியே எடுப்பதற்குள் சின்ன புல்லி மாட்டி 12 பிஎஸ்ஐ வரை போகலாம் என்று இருக்கிறேன்.

இசியூ போர்டிலேயே 2.5 பார் சென்சார் இருக்கிறது. காயலான் கடையில் எடுத்த ஜிஎம் 2 பார் சென்சார் ஒன்று கையில் சும்மா கிடக்கிறது. டர்போ வண்டி வைத்திருக்கும் நண்பன், பின்னால் தொல்லையே இல்லை, நேரே 4 பார் வாங்கு என்கிறான். இன்னொருவர் 4 பார் போட்டால் ஐடில் கெட்டுவிடும் என்கிறார். 12 பிஎஸ்ஐ என்பது 1 பாருக்கும் கீழேதானே, அப்புறம் எதற்கு இவ்வளவு பெரிய சென்சார் என்பதும் எனக்குப் புரியவில்லை. எதைப் போடலாம்?

கிராங்க்புல்லி

கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன், பலர் தடுமாறும் இடம் அதுதான். உங்கள் பூஸ்ட் மீட்டர் வெளிக்காற்றைப் பூஜ்யமாக வைத்து அளக்கிறது. மேப் சென்சார் வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்கிறது. இன்ஜின் ஓடாமல் சும்மா நிற்கும்போதே அது ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல், அதாவது 1 பார் காட்டும். அதன் மேல் 12 பிஎஸ்ஐ என்றால் இன்னொரு 83, ஆக மொத்தம் 183. 1 பார் சென்சார் பூஸ்ட் ஆரம்பிக்கும் இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். 2 பார் 183ஐப் படிக்கும், ஆனால் மேலே மிச்சம் ரொம்பக் குறைவு. 2.5 பார் தாராளம்.

உங்கள் நண்பர் டர்போக்காரர், அவர் கணக்கில் அவர் சொல்வது சரி. வேஸ்ட்கேட் (டர்போவின் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஒட்டிக்கொண்டால், ஒரு ஹோஸ் கழன்றால், டர்போவில் பூஸ்ட் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் அவர்கள் பெரிய சென்சாராக வாங்கிப் போடுவதில் நியாயம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது பெல்ட்டில் ஓடும் ரூட்ஸ் பிளோயர். எம்45 ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 0.74 லிட்டர் காற்று தள்ளும். உங்கள் 1.8 இன்ஜின் கிராங்கின் ஒரு சுற்றுக்கு சுமார் 0.92 லிட்டர் இழுக்கும். கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது பிளோயர் இரண்டு சுற்று சுற்றினால் 1.48 லிட்டர் உள்ளே வருகிறது, 0.92ஆல் வகுத்தால் 1.6 மடங்கு. கசிவு, சூடு எல்லாம் சேர்ந்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் நீங்கள் சொன்ன 8 பிஎஸ்ஐக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டதா? ஆக உச்ச அழுத்தத்தை முடிவு செய்வது புல்லி. பெல்ட் வழுக்கினால் பூஸ்ட் குறையும், கூடாது. அதனால் மாட்டப்போகும் புல்லியையும், அதற்கடுத்து ஆசைப்படும் புல்லியையும் மனதில் வைத்துச் சென்சாரைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இதே கணக்கில் 12 பிஎஸ்ஐக்கு சுமார் 2.3 மடங்கு சுற்ற வேண்டியிருக்கும். இன்ஜின் 7000 சுற்றில் பிளோயர் 16,000. அந்த வேகத்தில் வெளியே வரும் காற்று பயங்கரமாகச் சூடாகும், அதுவும் உங்களிடம் இன்டர்கூலர் இல்லை. காற்றுச் சூட்டை அளக்கும் சென்சார் இப்போது எங்கே இருக்கிறது? ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் மேப் சென்சாரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைப் பிளோயருக்குப் பிறகு மாற்றுங்கள்.

பழையபிஸ்டன்

அந்த 2 பார் சென்சாரைப் போட வேண்டாம். என் முந்தைய வண்டி டர்போ, அதில் 2 பார்தான் இருந்தது. டியூன் செய்து தந்த கடை போதும் என்றது, நானும் நம்பிவிட்டேன். ஒரு நாள் இரவு நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தேன், நன்றாகத்தான் போனது. வீட்டுக்கு வந்து இசியூ பதிவு செய்த லாக் ஃபைலைத் திறந்தால் அழுத்தக் கோடு 208 வரை ஏறி, அங்கிருந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. பூஸ்ட் மீட்டர் அப்போது 16 பிஎஸ்ஐ தாண்டியிருந்தது. சென்சார் முட்டிய பிறகு உண்மையான அழுத்தம் ஏற ஏற இசியூவுக்கு ஒன்றும் தெரியாது, பழைய அளவு பெட்ரோலையே கொடுத்துக்கொண்டிருக்கும், இக்னிஷன் டைமிங்கையும் குறைக்காது. ஓவர்பூஸ்ட் கட் (பூஸ்ட் எல்லை தாண்டினால் இன்ஜினை அடக்கும் அமைப்பு) 210இல் வைத்திருந்தேன், 208க்கு மேல் எண்ணே வராதபோது அது எப்படி வேலை செய்யும்? மூன்றாவது சிலிண்டர் பிஸ்டனில் இரண்டு ரிங்குக்கும் நடுவே இருக்கும் மேடு உடைந்து கையோடு வந்தது.

சூப்பர்சார்ஜரில் இப்படித் திடீரென்று ஏறாது என்று மேலே சொன்னது சரிதான். ஆனால் கட் வைக்கும் எண்ணுக்கு மேலும் சென்சாருக்கு இடம் இருக்க வேண்டும். 183 வரும் வண்டிக்குக் கட்டை 200இல் வையுங்கள், 2.5 பாரில் அதற்கு மேலும் 50 மிச்சம் இருக்கும்.

வேக்கம்ஹோஸ்

4 பார் ஐடிலைக் கெடுக்கும் என்ற பேச்சு மெகாஸ்குவர்ட் 1 காலத்தது. அது 8 பிட், சென்சாரின் 0 முதல் 5 வோல்ட்டை 256 படியாகத்தான் வெட்டும், 2.5 பார் சென்சாரிலேயே ஒரு படி ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். உங்களுடைய மெகாஸ்குவர்ட் 2 பத்து பிட், 1024 படி. போர்டில் இருக்கும் எம்பிஎக்ஸ்4250 ஒரு கிலோபாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட் தருகிறது, ஒரு படி கால் கிலோபாஸ்கல்கூட இல்லை. 4 பார் போட்டால் அது 0.4 ஆகும். 35 கிலோபாஸ்கலில் ஐடில் ஆகும் இன்ஜினுக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. நான் 4 பாரை வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு: சென்சாரின் பிழை முழு அளவில் இத்தனை சதவீதம் என்றுதான் குறிப்பார்கள். முழு அளவில் ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2.5 பாரில் மூன்றரை, 4 பாரில் ஆறு கிலோபாஸ்கல் வரை தப்பலாம். 180இல் ஆறு போனால் சமாளிக்கலாம், 35இல் ஆறு போனால் பெட்ரோல் கணக்கில் ஆறில் ஒரு பங்கு.

எனக்கு உறுத்துவது சென்சார் இல்லை, அதற்குப் போகும் ஹோஸ். இந்த வண்டியில் இசியூ பயணியின் காலடியில் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும். மேனிபோல்டிலிருந்து அங்கே போவதற்குள் ஒன்றரை மீட்டருக்குக் குறையாது, வழியில் எங்காவது மடிந்திருக்கும், ஈரமும் எண்ணெய் ஆவியும் தாழ்ந்த இடத்தில் தங்கிவிடும். த்ராட்டிலைச் சட்டென்று மிதித்தால் சென்சார் தாமதமாகத்தான் பார்க்கும். பிறகு, ஹோஸ் எங்கிருந்து கிளம்புகிறது? த்ராட்டிலுக்கும் பிளோயருக்கும் நடுவிலிருந்து என்றால் பூஸ்டே தெரியாது. பைபாஸ் வால்வுக்குப் போகும் ஹோஸில் டீ போட்டிருந்தாலும் அதே கதைதான். பிளோயருக்குப் பிறகு, மேனிபோல்டின் மேல் பக்கத்தில், வேறு எதுவும் பங்கு போடாத ஒரு நிப்பிள் வேண்டும்.

இன்னொரு சின்ன சோதனை. சாவியைப் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ட்யூனர்ஸ்டுடியோ மென்பொருளில் மேப் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அது அன்றைய வெளிக்காற்று அழுத்தமாக இருக்க வேண்டும். வானிலை அறிக்கையில் வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிய எண், நீங்கள் இருக்கும் உயரத்தில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1.2 கிலோபாஸ்கல் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

மியாட்டா94

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ஷெட்டில் பார்த்தேன். சாவி போட்டதும் 99.6 காட்டியது. வானிலையில் 101.5, நான் இருப்பது 150 மீட்டர், கழித்தால் 99.7. ஆகச் சென்சார் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹோஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஃபயர்வால் துளையில் நெரிந்து, பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருக்கிறது, அதற்குக் கீழே பழுப்பாக இரண்டு சொட்டு நின்றது. காற்றுச் சூட்டுச் சென்சாரும் நீங்கள் சந்தேகப்பட்ட மாதிரி ஏர் ஃபில்டர் பக்கம்தான். சென்சாரை இன்ஜின் பக்கம் கொண்டுவர வேண்டும் என்றால் எதை வாங்குவது?

வேக்கம்ஹோஸ்

2.5 அல்லது 3 பாரில் மூன்று பின் சென்சார் எதுவானாலும் சரி, வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்கும் சென்சார்தானா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். தொழிற்சாலைகளுக்கு விற்கும் சிலது வெளிக்காற்றைப் பூஜ்யமாக வைத்திருக்கும், வேக்கத்தில் ஒன்றுமே காட்டாது. ஃபயர்வாலில் மேனிபோல்டைவிட உயரத்தில், நிப்பிள் கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டுங்கள், ஈரம் தானே வடிந்துவிடும். கிரவுண்டு வயரை இன்ஜின் பிளாக்கில் கொடுக்காமல் இசியூவின் சென்சார் கிரவுண்டுக்கே கொண்டுபோங்கள். மென்பொருளில் இப்போது 0 வோல்ட்டுக்கு 10, 5 வோல்ட்டுக்கு 260 என்று இருக்கும், அது பழைய சென்சாருக்கான எண், புதியதன் எண்களைப் போடாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பழைய ஹோஸின் தாமதத்தையும் சேர்த்துத்தான் உங்கள் டியூன் அமைந்திருக்கும், அதனால் 8 பிஎஸ்ஐ புல்லியிலேயே வைட்பேண்டை (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் மீட்டர்) பார்த்து ஒரு முறை சரிசெய்துவிட்டு அப்புறம் சின்ன புல்லியை மாட்டுங்கள்.