யாரும் தொடாமலே மோடம் டயல் பண்ணுது, எப்படி நிறுத்தறது?

கேள்வி:
விண்டோஸ் எக்ஸ்பி மெஷின்ல டயல்-அப் (மோடம் போன் லைன்ல டயல் பண்ணி எடுக்கற நெட்) வச்சு இன்னொரு கம்ப்யூட்டருக்கும் ஷேர் பண்ணிருக்கேன், ரெண்டாவத ஆன் பண்ணாலே போதும், பிரவுசர் திறக்காமலே மோடம் டயல் பண்ண ஆரம்பிச்சிடுது, போன் லைன் பிஸி, பில்லும் ஏறுது. ஹெல்ப் பண்ணுங்க.

பதில்:
ஆன்டிவைரஸ் அப்டேட், விண்டோஸ் அப்டேட், டைம் சிங்க்னு ஏதாவது ஒண்ணு 192.168.0.1க்கு, அதாவது மோடம் இருக்கற மெஷினோட அட்ரஸுக்கு, டிஎன்எஸ் கேள்வி (ஒரு சைட் பேருக்கு ஐபி அட்ரஸ் என்னன்னு கேக்கறது) அனுப்பும், டயல் ஆக அதுவே போதும். மோடம் இருக்கற மெஷின்ல கனெக்‌ஷன் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு டேப் போங்க, ஷேரிங்குக்குக் கீழயே நெட்வொர்க்ல யாராவது நெட் கேட்டா தானா டயல் பண்ற டிக் இருக்கும், அத எடுத்துடுங்க.

இன்னொரு பதில்:
எடுத்தா ஒவ்வொரு தடவையும் அந்த மெஷின்ல போய் நாமளே கனெக்ட் பண்ணணும், அத மட்டும் யோசிச்சுக்கோங்க. அந்த மெஷினே தானா டயல் பண்ணா இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்ல 'நெவர் டயல்' வைங்க.

கேட்டவர்:
டிக் எடுத்ததும் நின்னுடுச்சு, ரொம்ப நன்றிங்க!